வேலையை விட்டால்தான் சீஷத்துவமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் தென்மாவட்டம் ஒன்றில் கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 32. குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஞாயிறு பள்ளி ஆசிரியை என்று சபைக்குள்ளேயே வளர்ந்தவள். அப்பா இல்லை. அம்மா பக்கவாதத்தால் படுத்திருக்கிறார்கள். என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அண்மையில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், எல்லாவற்றையும் விட்டவனே சீஷன், மற்றவர்கள் வெறும் சபை அங்கத்தினர்கள் என்று செய்தி கொடுத்தவர் சொன்னார். முழுநேர ஊழியத்திற்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றபோது நானும் எழுந்து நின்றேன். அன்றுமுதல் நிம்மதி இல்லை. இயேசு மெய்யான தேவன், மெய்யான மனிதர் என்று விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறேன். ஆனால் அவரைப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று கேட்டால் பதில் இல்லை. புரியாத ஒருவரைப் பின்பற்ற முடியுமா? வேலையை விடாவிட்டால் பொருத்தனையை, தேவனுக்குக் கொடுத்த வாக்கை, மீறியவள் ஆவேனா? இதற்கிடையே தம்பி, எங்கள் சபையிலேயே உள்ள வேறு சாதிப் பெண்ணைத் திருமணம் செய்ய விரும்புகிறான். அவன் மனத்தை மாற்றும்படி அம்மாவும் மாமாவும் என்னை நெருக்குகிறார்கள். அது குடும்ப விஷயம்தான். ஆனாலும் இந்தச் சத்தங்களுக்கு நடுவில் ஜெபிக்க முடியவில்லை.

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறவன் என்ற முறையிலும், அதற்கு முன் சபைகளில் ஆயராக இருந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு. ஆனால் நீங்கள் கேள்வியாகவே எழுப்பாமல், "குடும்ப விஷயம்தான்" என்று ஒரு வரியில் ஒதுக்கிவைத்த காரியத்தில்தான் உங்கள் சீஷத்துவம் இப்போது சோதிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். அதை முடிவில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், புரியாமல் பின்பற்ற முடியுமா என்பது. மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அதிகாரத்தில், கலிலேயாக் கடலோரத்தில் வலைபோட்டுக்கொண்டிருந்த சீமோனையும் (பின்பு பேதுரு எனப்பட்டவர்) அந்திரேயாவையும் இயேசு அழைக்கிறார். அவர்கள் பின்சென்றார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அந்த இடத்தில் அவர்கள் அவருடைய ஓர் உவமையையும் கேட்டதாகவோ ஓர் அற்புதத்தையும் கண்டதாகவோ மாற்கு சொல்லவில்லை. நான்காம் அதிகாரத்தில் புயல் அமர்ந்தபின்பு அதே மனிதர்கள், காற்றும் கடலும் கீழ்ப்படிகிறதே, இவர் யாரோ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எட்டாம் அதிகாரத்தில், அப்பங்களைப் பற்றிப் படகில் அவர்கள் கவலைப்படும்போது, இன்னும் உணராமல் இருக்கிறீர்களா என்று இயேசுவே அவர்களைக் கடிந்துகொள்கிறார். இத்தனை நாளும் அவர்களுக்குச் சீஷர்கள் என்றுதான் பெயர். புரிந்தபின் வாருங்கள் என்று அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பின்னால் நடந்த வழியில்தான் அவர்கள் அவரை அறிந்தார்கள், அதுவும் மிகவும் தாமதமாக.

அதே எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் ஒரு குருடன் குணமடைகிறான். நான்கு சுவிசேஷங்களிலும், இயேசு தொட்டபின்பும் பார்வை அரைகுறையாக இருந்தது என்று சொல்லப்படுவது இந்த ஒரு மனிதனைப் பற்றித்தான். முதல்முறை கை வைத்தபோது, நடக்கிற மனுஷர் அவனுக்கு மரங்களைப்போலத் தெரிந்தார்கள். இரண்டாம் முறை கை வைத்தபின்பே எல்லாம் தெளிவாயிற்று. மாற்கு இதை அந்த இடத்தில் வைத்திருப்பது தற்செயலானது என்று நான் நம்பவில்லை. அடுத்த காட்சியிலேயே, எர்மோன் மலை அடிவாரத்துப் பிலிப்புச் செசரியாவின் வழியில், நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள் என்று இயேசு கேட்க, பேதுரு, நீர் கிறிஸ்து என்று சரியான பதிலைச் சொல்கிறார். சொன்ன வாய் மூடுவதற்குள், மனுஷகுமாரன் பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று கேட்டவுடன் அவரைத் தனியே அழைத்துப்போய்க் கடிந்துகொள்ளத் தொடங்குகிறார். பேதுருவின் சொல் சரி. அந்தச் சொல்லுக்குள் அவர் வைத்திருந்த பொருள் தவறு. அவரும் மனுஷரை மரங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து எரிகோவில் பர்திமேயு பார்வையடைவதுவரை, எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று அதிகாரங்களில், தாம் மரிக்கப்போவதை இயேசு மூன்று முறை சொல்கிறார். மூன்று முறையும் சீஷர்கள் தவறவிடுகிறார்கள்: முதலில் பேதுரு தடுக்கிறார், அடுத்து யார் பெரியவன் என்று வழியில் தர்க்கம் நடக்கிறது, மூன்றாவதாக யாக்கோபும் யோவானும் வலதுபக்கத்து இருக்கையையும் இடதுபக்கத்து இருக்கையையும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இயேசு நின்று, கூப்பிட்டு, மறுபடியும் கற்பிக்கிறார். உங்கள் குழப்பத்தை அவிசுவாசம் என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொள்ளாதீர்கள். அந்த வழியில் நடப்பவர்களுக்கு வருகிற குழப்பம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது.

மெய்யான தேவன், மெய்யான மனிதர் என்பதைப் பொறுத்தவரை, அந்த உண்மையை வார்த்தைகளில் வகுத்துச் சொல்லச் சபைக்கே நூற்றாண்டுகள் பிடித்தன. நிசேயாவில் 325-ஆம் ஆண்டு கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது. அவருடைய தேவத்துவமும் மனுஷீகமும் கலவாமலும் பிரியாமலும் ஒரே நபரில் இருக்கின்றன என்று கல்கெதோன் சங்கம் சொன்னது 451-இல். அதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் நூற்றாண்டில், சிமிர்னா நகரச் சபையின் கண்காணியாகிய, அதாவது பேராயராகிய, பொலிக்கார்ப்பு கிறிஸ்துவை நிந்தித்துவிட்டுப் பிழைத்துக்கொள் என்று சொல்லப்பட்டபோது, 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் இராஜாவை எப்படி நிந்திப்பேன் என்று சொல்லி நெருப்புக்குள் போனார். விசுவாசப்பிரமாணத்தை அற்பமாக எண்ணும்படி இதைச் சொல்லவில்லை. அதை மனமார நேசிக்கிறேன். ஆனால் அது வழி தவறாமலிருக்கச் சபை நமக்குக் கொடுத்த காவல். அதில் தேர்வு எழுதித் தேறியவர்களே பின்செல்லலாம் என்று யாரும் அதை இயற்றவில்லை.

இரண்டாவது, எல்லாவற்றையும் விடுவது. இதில் சுவிசேஷத்தின் கூர்மையை மழுக்க எனக்கு மனமில்லை. ஐசுவரியவானாகிய ஒருவனிடம், உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு, பின்பு சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றிவா என்று இயேசு சொன்னார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு அவன் பின்னால் ஓடி நிபந்தனையைக் குறைக்கவில்லை. லேவி ஆயத்துறையை, அதாவது வரி வசூலிக்கும் இடத்தை, விட்டு எழுந்தான். இவை உண்மை. ஆனால் செய்தி கொடுத்தவர் இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பக்கங்களில் உள்ள மற்றவர்களை விட்டுவிட்டார் என்று தோன்றுகிறது.

கதரேனருடைய நாட்டில் கல்லறைகளில் குடியிருந்து, சங்கிலிகளை முறித்துப்போட்ட அந்த மனிதனை நினைத்துப்பாருங்கள். இயேசுவால் புத்தி தெளிந்தபின்பு, உம்மோடு வருகிறேன் என்று படகோரத்தில் நின்று வேண்டிக்கொண்டான். இயேசு அனுமதிக்கவில்லை. உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்குச் செய்ததை அவர்களுக்கு அறிவி என்றார். அவன் தெக்கப்போலி நாடெங்கும் போய்ச் சொன்னான். வீட்டுக்கு அனுப்பப்பட்ட இவனைவிடப் படகில் ஏறினவர்கள் மேலான சீஷர்கள் என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? ஏரோதின் காரியக்காரனாகிய கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கும் பன்னிருவருக்கும் ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எட்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பேதுரு வலையை விட்ட பிறகும் கப்பர்நகூமில் அவருக்கு வீடு இருந்தது, அங்கேதான் அவருடைய மாமியின் ஜுரம் நீங்கியது. செபெதேயுவின் மகன்களாகிய யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகிலே விட்டுப் போனார்கள் என்று பிரசங்கிக்கும்போது நாம் வழக்கமாக ஒரு சொல்லை வேகமாகக் கடந்துவிடுகிறோம்: கூலியாட்களோடு விட்டுப்போனார்கள் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அந்த முதியவர் ஆதரவின்றித் தவிக்கவில்லை.

உங்கள் தாயாரைப் பற்றி நேரடியாகவே பேசுகிற பகுதி மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அக்காலத்தில் ஒருவன் தன் பெற்றோருக்குச் செலவழிக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், அவர்களுக்கு உதவுகிற கடமையிலிருந்து நீங்கினவனாக எண்ணப்பட்டான். இயேசு இதைப்போல் கடுமையாகக் கண்டித்த மதவழக்கங்கள் குறைவு. உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். படுத்த படுக்கையாக இருக்கும் தாயின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிற சம்பளத்தை, ஊழியம் என்ற பெயரால் நிறுத்தும்படி ஒரு மேடை உங்களை அழைக்குமானால், அந்த மேடையை இந்த வசனத்தால் நிதானியுங்கள். தாம் சிலுவையில் தொங்கும் நேரத்திலும் தம் தாயைச் சீஷன் ஒருவனுடைய வீட்டில் ஒப்படைத்தவர் அவர்.

எழுந்து நின்றது பொருத்தனையா என்று கேட்கிறீர்கள். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முந்தி உட்கார்ந்து, செல்லும் செலவைக் கணக்குப்பார்க்க வேண்டும் என்று இயேசுவே லூக்கா 14-இல் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து யோசிக்க அவகாசம் தராமல், பாட்டும் கண்ணீருமாக இருக்கும் நேரத்தில் எழுப்பி நிறுத்துகிற அழைப்பு அவருடைய இந்த வார்த்தைக்கு மாறானது. அப்படி நின்றவர்களை ஆண்டவர் பொருத்தனைக் கடனாளிகளாகப் பிடித்துவைத்திருக்கிறார் என்று நான் போதிக்க மாட்டேன். அன்று உங்களுக்குள் எழுந்த வாஞ்சை மெய்யாக இருக்கலாம். அதை அவரிடம் அப்படியே வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் அழைப்பு வந்தால், அது உங்கள் உணர்ச்சியால் மட்டும் உறுதிப்படாமல், உங்களை அறிந்த சபையின் வாயிலாகவும் உறுதிப்படும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். தாமே ஊழியத்துக்காகத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டது 1909-இல். 1912-இல் அங்கே பேராயரானார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சங்கப் பணியும் வாலிபர் பணியும் செய்துகொண்டுதான் இருந்தார். அப்படிப்பட்ட பணிகளைத் தாங்கிநின்றதில் சமையலுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைத்த நம் தாய்மாருக்கும் பங்குண்டு. அவர்களை வெறும் சபை அங்கத்தினர்கள் என்று சொல்ல எனக்கு நாவு எழாது.

இனி, சிலுவை. நம் பேச்சுவழக்கில் தீராத நோயையும் குடிகாரக் கணவனையும்கூட "என் சிலுவை" என்று சொல்லிவிடுகிறோம். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள், அதில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் இயேசு சொன்னது அதுவல்ல. அவர் பேச்சைக் கேட்ட கலிலேயருக்குச் சிலுவை என்ன என்பது நன்றாகத் தெரியும். பெரிய ஏரோது இறந்தபின்பு எழுந்த கலகத்தை அடக்கிய ரோம ஆளுநர் வாருஸ், ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். நாசரேத்துக்கு மிக அருகிலிருந்த செப்போரிஸ் நகரம் அந்தக் கலகத்தில்தான் எரிக்கப்பட்டது. சிலுவை எடுத்துப் போகிறவன், ஊரார் பார்க்க, மானம் இழந்து, அதிகாரத்தின் தண்டனைக்குப் போகிறவன். ஆகவே சிலுவை என்பது இயேசுவின் வழியில் நடப்பதாலேயே நம்மேல் வருகிற நிந்தையும் இழப்பும். உங்கள் தாயாரின் நோய் துன்பம். அதை நீங்கள் அன்போடு தாங்குகிறீர்கள். உங்கள் சிலுவை வேறிடத்தில் காத்திருக்கிறது.

அது உங்கள் தம்பியின் திருமணக் காரியத்தில் என்று நான் எண்ணுகிறேன்.

அந்தப் பெண் உங்கள் சபையிலேயே இருக்கிறாள். நற்கருணை வாங்க நீங்கள் முழங்காற்படியிடும் அதே கிராதியில் முழங்காற்படியிட்டு, அதே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறாள். கர்த்தருடைய பந்தியில் உங்கள் உறவாயிருக்கிறவள் உங்கள் வீட்டுப் பந்திக்கு ஆகாதவள் என்று உங்கள் மாமா சொல்கிறார். அதைத் தம்பியிடம் எடுத்துச்சொல்லும் வாயாக உங்களைக் கேட்கிறார். சகோதரி, கன்வென்ஷன் மேடையிலிருந்து வந்த அழைப்பைவிட, அவருக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில், நீங்கள் யாரைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் காட்டும்.

இங்கேயும் பேதுருதான் நமக்குப் பாடம். செசரியாவில் ரோமப் படைத் தலைவனாகிய கொர்நேலியுவின் வீட்டில், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று பேசினவர் அவர். அதே பேதுரு பிற்பாடு அந்தியோகியாவில், எருசலேம் சபைத் தலைவராகிய யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன், அவர்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, உண்பதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் அவரை எதிர்த்து நின்றதைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே பேதுரு விசுவாசப்பிரமாணத்தில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற ஒன்றில்தான் விலகினார். அதையே, சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி நடவாமை என்று பவுல் சொல்கிறார். இந்தப் பகுதியை ஒவ்வொரு தமிழ்ச் சபையும் ஆண்டுக்கொருமுறையாவது சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏனென்றால் நம் சபைகளின் வரலாறே இந்தப் பந்தியில் இடறியிருக்கிறது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை முழுவதும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் விலகி நின்றார்கள். அவர்கள் கீர்த்தனை பாடினவர்கள், வேதம் வாசித்தவர்கள், உபவாசம் இருந்தவர்கள். எத்தனையோ காரியங்களை விடத் துணிந்தவர்களுக்கு இந்த ஒன்றை விட மனம் வரவில்லை. இன்றும் நம் திருமண விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்தில் சாதியின் பெயரும் அச்சாகிறது. இயேசுவைப் பின்பற்றுவதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர் கொடுக்க வேண்டிய விலை பெரும்பாலும் இங்கேதான் கேட்கப்படுகிறது. இங்கேதான் நாம் கொடுக்க மறுக்கிறோம்.

தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று லூக்கா 14:26-இல் உள்ள வசனம் உங்களை அச்சுறுத்தியிருக்கும். தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் என்று மத்தேயு அதையே விளங்கவைக்கிறார். இந்த வசனத்தை அம்மாவின் மருந்துச் செலவின்மேல் பிரயோகிக்கும்படி உங்களைத் தூண்டினார்கள். அதை அம்மாவின் சாதி அபிமானத்தின்மேல் பிரயோகியுங்கள். அவர்களுக்கு உணவூட்டுங்கள், புண் வராமல் புரட்டிப் படுக்கவையுங்கள், கடைசிவரை கனம்பண்ணுங்கள். இந்த ஒன்றில் மட்டும் கீழ்ப்படியாதிருங்கள். இவை இரண்டும் ஒரே கட்டளைக்குள் அடங்கும்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று யோசிப்பீர்கள். மாமா இல்லாத வேளையில் பேசுங்கள். அவர்களைச் சாதி வெறி பிடித்தவர் என்று குற்றப்படுத்தாதீர்கள். கணவனை இழந்து, உடலும் ஒரு பக்கம் விழுந்தபின்பு, உறவினரும் கைவிட்டால் என்ன ஆவோம் என்ற பயமே அவர்களை அதிகமாகப் பேசவைக்கிறது என்று ஊகிக்கிறேன். அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்: நான் உங்களைவிட்டுப் போகப்போவதில்லை, வேலையையும் விடப்போவதில்லை என்று சொல்லுங்கள். பிறகு, தம்பியைத் தடுக்க என்னால் முடியாது அம்மா, அது ஆண்டவருக்கு விரோதம் என்று சொல்லுங்கள். தம்பியிடமும், நான் உன் பக்கம் இருக்கிறேன் என்று தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். அவன் இந்நேரம் தனியாக நிற்பதாக எண்ணிக்கொண்டிருப்பான்.

விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். மாமா வீட்டார் வராமல் போகலாம். அம்மாவை ஒரு நாள் பார்த்துக்கொள்ள வந்த அத்தை வராமல் போகலாம். எனவே இன்றே உங்கள் ஆயரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம், பகல் நேரத்தில் அம்மாவுக்குத் துணையிருக்க உதவி கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், அதற்காகத்தான் சபை இருக்கிறது. ஆயர் தயங்கினால் சேகரத் தலைவரிடமோ பேராய அலுவலகத்திடமோ போகலாம். பேச்சு மிரட்டலாக மாறுமானால் அதைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்: சாதி மறுத்துத் திருமணம் செய்கிறவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றதற்கான ரசீதை வாங்கிவையுங்கள். இருவரும் கிறிஸ்தவர்களாகையால் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி ஆலயத்திலேயே முறைப்படி திருமணம் நடத்தத் தடையில்லை.

ஜெபிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் ஜெபத்துக்கென்று வேறொன்றும் செய்யாமல், மாற்கு 8:22 முதல் 10-ஆம் அதிகாரம் முடியும்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். இயலுமானால் அம்மாவுக்குக் கேட்கும்படி வாசியுங்கள். உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய் என்று இயேசு கேட்கும் இடம் வரும்போது, அதற்குப் பர்திமேயு சொன்ன பதிலையே உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட நீளமாக இப்போது ஜெபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆயரிடம் பேசும்போது, தம்பியின் திருமண ஓலையை, சபையில் வாசிக்கும் அந்தத் திருமண அறிவிப்பை, எந்த ஞாயிறுமுதல் வாசிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.